டோர்ஸின் ஆறு ஆல்பங்கள்: உங்கள் வரிசை என்ன?

வேலூர்க் கார்த்தி:

எல்லோருக்கும் வணக்கம். அறுபதுகளின் அமெரிக்க ராக் குழுவான டோர்ஸ் பற்றி இங்கே இருக்கும் பழைய இழைகளைத் தேடிப் படித்தேன். எல்லாமே அதன் பாடகர் ஜிம் மாரிசன் பாரிஸில் எப்படி இறந்தார், மயாமி மேடையில் என்ன செய்தார் என்பதில் போய் முட்டிக்கொண்டு நிற்கின்றன. எனக்குப் பாட்டைப் பற்றிப் பேச ஆள் வேண்டும்.

'லைட் மை ஃபயர்', 'பீப்பிள் ஆர் ஸ்ட்ரேஞ்ச்', 'ரைடர்ஸ் ஆன் த ஸ்டார்ம்' மூன்றும் கல்லூரி நாட்களிலிருந்தே தெரியும். மாரிசன் உயிரோடு இருந்தபோது பதிவான ஆறு ஸ்டூடியோ ஆல்பங்களையும் இப்போதுதான் வரிசையாக உட்கார்ந்து கேட்கிறேன். முதல் இரண்டும் ஆளை அசத்திவிட்டன. மூன்றாவதில் கொஞ்சம் தொய்வு. நாலாவது 'த சாஃப்ட் பரேட்' ஓட ஆரம்பித்ததும் ட்ரம்பெட்டும் வயலினும் கூட்டமாக வந்து இறங்கின. வேறு யாருடைய ஆல்பத்தையாவது தொட்டுவிட்டேனா என்று போனை எடுத்துப் பெயரைப் பார்த்தேன். ஐந்தாவதில் திடீரென்று ப்ளூஸ். அதே நாலு பேர்தானே? நாலு வருஷ சொச்சத்தில் எப்படி இவ்வளவு மாறினார்கள்?

என் அறை நண்பன், "முதல் ஆல்பம் போதும், மீதியெல்லாம் அதன் நகல்" என்கிறான். கோபம் வருகிறது, ஆனால் பதில் சொல்ல வரவில்லை. உங்கள் வரிசையைச் சொல்லுங்கள், காரணத்தோடு. 'சாஃப்ட் பரேட்' உண்மையிலேயே அவ்வளவு மோசமா என்பதையும் சொல்லுங்கள்.


முதல்தட்டு முருகன்:

அறை நண்பன் சொன்னதுதான் சரி. 1967 ஜனவரியில் வந்த முதல் தட்டு, பதினொரு பாட்டு. 'பிரேக் ஆன் த்ரூ'வில் கதவைத் திறந்து 'த எண்ட்'இல் மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் வாசலில் நின்று பேசியது. நாலாவதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், நல்ல நாளும் அதுவுமாக வாயில் வேறெதுவும் வந்துவிடும்.


இடக்கை:

தம்பி கார்த்தி, நல்ல கேள்வி. முருகன் அண்ணன் எப்போதும் இப்படித்தான், கண்டுகொள்ளாதீர்கள்.

என் கதையைக் கொஞ்சம் சொல்லிவிட்டு வருகிறேன், ஏனென்றால் என் வரிசை அதிலிருந்துதான் வருகிறது. நான் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவன். கல்யாணக் கச்சேரிக்கு பேஸ் கிடார்க்காரர் வராமல் போனால் பேஸையும் நானே இடது கையில் வாசித்தாக வேண்டும். வலது கை ஒரு பாட்டுக்குப் போகும், இடது கை வேறொரு ஆளுடையது போல நாலு ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருக்கும். அதனால் டோர்ஸை நான் மாரிசன் பக்கத்திலிருந்து கேட்டதே இல்லை. அவர்களின் கீபோர்டுக்காரர் ரே மான்சரெக்கின் இடது கைப் பக்கத்திலிருந்துதான் கேட்பேன்.

டோர்ஸ் மேடையில் பேஸ் கிடார்க்காரரே கிடையாது. மான்சரெக் முன்னால் வாக்ஸ் கான்டினென்டல் ஆர்கன் இருக்கும். அதன் தலைமேல் ஃபெண்டர் ரோட்ஸ் பியானோ பேஸ் என்ற குட்டிக் கருவி, சில ஆக்டேவ் மட்டும். இடது கை அதில், வலது கை ஆர்கனில். இந்த ஏற்பாட்டில் இடது கையால் பேஸ் கிடார் போல ஓடியாட முடியாது. சின்ன வரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதையே சுற்றிச் சுற்றி வரும். டோர்ஸ் பாட்டு கேட்கும்போது வரும் அந்த மயக்கத்துக்குப் பாதிக் காரணம் எல்எஸ்டி போதை மருந்து இல்லை, இந்த இடது கைதான் என்பது என் கட்சி. அதற்கு மேலே டிரம்ஸில் ஜான் டென்ஸ்மோர், ஜாஸ் பழகிய கை. 'பிரேக் ஆன் த்ரூ'வின் தொடக்கத்தில் அவர் போடுவது பொஸநோவா என்ற பிரேசில் தாளம். கிடார்க்காரர் ராபி கிரீகர் ஃபிளமென்கோ என்ற ஸ்பானிஷ் பாணி கற்றவர், பிக் இல்லாமல் விரலால் மீட்டுவார். ராக் வாசிப்பவர் என்று ஒருவர்கூட இல்லாத ராக் குழு.

சரி, உங்கள் அறை நண்பனுக்குச் சொல்ல வேண்டிய பதில் இது. ஆறு ஆல்பத்தை ஆறு தனித்தனிப் பொருளாக வைத்து மார்க் போட்டால் ஒன்றும் விளங்காது. அவர்களிடம் கையிருப்பு எவ்வளவு இருந்தது, எப்போது தீர்ந்தது என்று பாருங்கள்.

1965 செப்டம்பரில், கிரீகர் வந்து சேர்வதற்கு முன்பே, அவர்கள் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு டெமோ, அதாவது மாதிரித் தட்டு, பதிவு செய்தார்கள். ஆறு பாட்டு. 'எண்ட் ஆஃப் த நைட்' முதல் ஆல்பத்துக்குப் போயிற்று. 'மூன்லைட் டிரைவ்', 'மை ஐஸ் ஹேவ் ஸீன் யூ' இரண்டும் இரண்டாவதற்கு. 'ஹலோ, ஐ லவ் யூ', 'சம்மர்ஸ் ஆல்மோஸ்ட் கான்' மூன்றாவதற்கு. மீதமிருந்த ஒன்று, 'கோ இன்ஸேன்', 'ஸெலிப்ரேஷன் ஆஃப் த லிஸர்ட்' என்ற நீண்ட கவிதைக்குள் கரைந்துவிட்டது. 1968இல் அமெரிக்கா முழுவதும் முதலிடத்துக்குப் போன பாட்டு 'ஹலோ, ஐ லவ் யூ'. அது மூன்று வருஷப் பழசு! 1965 கோடையில் வெனிஸ் கடற்கரையில் மாரிசன் மான்சரெக்குக்கு முதன்முதலில் பாடிக் காட்டிய பாட்டு 'மூன்லைட் டிரைவ்'. அது இரண்டாவது ஆல்பம் வரை காத்திருந்தது. ஆக, இரண்டாவது ஆல்பம் முதலாவதன் நகல் இல்லை. இரண்டுக்கும் ஒரே களஞ்சியம். லண்டன் ஃபாக், விஸ்கி அ கோ கோ என்ற கிளப்புகளில் இரவு இரவாக வாசித்துத் தேய்த்த பாட்டுகள் இரண்டு தட்டாக வந்தன, அவ்வளவுதான்.

ஆனால் பதிவு செய்த விதம் வேறு. முதல் தட்டு 1966 ஆகஸ்டில் ஸன்செட் ஸவுண்ட் ஸ்டூடியோவில் நாலு ட்ராக் கருவியில், அதாவது நாலே தனித்தனி ஒலித் தடங்களில், பிடித்தது. தயாரிப்பாளர் பால் ராத்சைல்ட், ஒலிப்பதிவு புரூஸ் பாட்னிக். ஏறக்குறைய ஒரு வாரத்தில் முடித்துவிட்டார்கள். கிளப்பில் வாசித்ததை அப்படியே இறக்கிவிட்டார்கள். 'லைட் மை ஃபயர்' கிரீகர் எழுதியது. ஏழு நிமிடத்தில் நடுப்பகுதி முழுக்க ஏ மைனர், பி மைனர் என்று இரண்டே கார்ட். அதன்மேல் முதலில் ஆர்கன், அப்புறம் கிடார். ஜாஸ் சாக்ஸபோன்காரர் ஜான் கால்ட்ரேனின் 'மை ஃபேவரிட் திங்ஸ்' கேட்டிருந்தால் இந்த ஊஞ்சல் எங்கிருந்து வந்தது என்று தெரியும். ஸ்வரத்தை மட்டும் எடுத்து வைத்தால் நம் கரகரப்பிரியா வரிசை. ராகம் என்று சொல்ல மாட்டேன், யாரும் அடிக்க வராதீர்கள். பதிவில் மான்சரெக் இடது கையில் வாசித்த வரியையே லாரி நெக்டெல் பேஸ் கிடாரில் மேலே இன்னொரு முறை வாசித்திருக்கிறார். பியானோ பேஸுக்குத் தட்டில் கனம் போதவில்லை. நல்ல ஹெட்போனில் கேளுங்கள், இரண்டும் ஒட்டிக்கொண்டு போகும்.

'ஸ்ட்ரேஞ்ச் டேஸ்' அதே வருஷம் செப்டம்பரில் வந்தது. இப்போது எட்டு ட்ராக். இதுதான் என் முதலிடம். எட்டு ட்ராக் கிடைத்ததும் நிறைய நிரப்புவார்கள் என்றுதானே நினைப்போம்? இவர்கள் இடைவெளி விட்டார்கள். தலைப்புப் பாட்டில் மாரிசனின் குரலை மூக் சின்தசைசர் என்ற மின்னணு ஒலிக்கருவி வழியே விட்டிருக்கிறார்கள். பால் பீவர் வந்து அதை அமைத்துக் கொடுத்தார். ராக் தட்டில் மூக் வந்த மிக ஆரம்ப இடங்களில் இது ஒன்று. அதை வைத்து வித்தை காட்டவில்லை, குரலுக்குப் பின்னால் ஒரு தண்ணீர் நெளிவு, அவ்வளவே. 'அன்ஹேப்பி கேர்ள்' பாட்டில் பியானோ தலைகீழாக ஓடுகிறது. 'லவ் மீ டூ டைம்ஸ்' என்ற அப்பட்டமான ப்ளூஸ் நடுவில் மான்சரெக் ஹார்ப்சிகார்ட் என்ற பழைய ஐரோப்பியக் கருவியில் உட்கார்ந்து, இசைமேதை பாக் வீட்டுப் பிள்ளை போல வாசிக்கிறார். டக் லுபான் என்ற பேஸ் கிடார்க்காரர் இதில் வருகிறார். மூன்றாவது, நாலாவது ஆல்பங்களிலும் இருப்பார். அவர் புத்திசாலி. மான்சரெக்கின் இடது கை என்ன வாசிக்குமோ அதை ஒட்டியே வாசித்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.

கடைசிப் பாட்டு 'வென் த மியூசிக்ஸ் ஓவர்', பதினொரு நிமிடம். ஒரு இரவு விளக்கை அணைத்துவிட்டு இதை மட்டும் கேளுங்கள். ஆர்கன் தனியாக ஆரம்பிக்கும். டிரம்ஸ் பக்கத்தில் வந்து நிற்கும், இன்னும் முழுசாக இறங்காது. பிறகு மாரிசனின் கத்தலும் கிடாரும் சேர்ந்து விழும். நடுவில் எல்லாம் அடங்கி, அவர் பேசுகிறாரா பாடுகிறாரா என்று தெரியாத இடத்தில் டென்ஸ்மோரைக் கவனியுங்கள். தாளம் பிடிப்பதை விட்டுவிட்டு, மாரிசன் ஒவ்வொரு சொல்லாக விடும்போது பதில் சொல்கிறார். நம் ஊரில் மிருதங்கக்காரர் பாடகரின் வாயைப் பார்த்து வாசிப்பாரே, அந்த வேலை. 'த எண்ட்' புகழ் பெற்றது. கிரீகர் கிடார்த் தந்திகளின் சுருதியை மாற்றி வைத்துத் தம்புரா மாதிரி ஆதார சுருதியை ஓடவிட்ட அழகு எனக்கும் தெரியும். ஆனால் நாலு பேரும் ஒருவரையொருவர் கேட்டு வாசிப்பதில் 'வென் த மியூசிக்ஸ் ஓவர்' ஒரு படி மேல்.

மூன்றாவது, 'வெய்ட்டிங் ஃபார் த ஸன்', 1968 ஜூலை. அமெரிக்க ஆல்பம் பட்டியலில் அவர்களை முதலிடத்துக்குக் கொண்டுபோன ஒரே ஆல்பம் இதுதான். எனக்கு இதுதான் கடைசி. களஞ்சியம் இங்கே தீர்ந்தது. ஒரு பக்கம் முழுக்க 'ஸெலிப்ரேஷன் ஆஃப் த லிஸர்ட்' வருவதாக இருந்தது. ஸ்டூடியோவில் அது சேரவில்லை, கைவிட்டார்கள். அதிலிருந்து 'நாட் டு டச் த எர்த்' என்ற துண்டு மட்டும் தப்பியது. விட்டுப்போன இடத்தை அவசரமாக நிரப்பியிருப்பது காதுக்குத் தெரியும். தலைப்பைக் கொடுத்த 'வெய்ட்டிங் ஃபார் த ஸன்' பாட்டே இந்தத் தட்டில் இல்லை, இரண்டு ஆல்பம் தள்ளி வருகிறது என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். 'ஸ்பானிஷ் கேரவன்'இல் கிரீகரின் விரல்களையும் 'ஃபைவ் டு ஒன்' பாட்டின் அந்தக் கனமான நடையையும் விட்டுவிடாதீர்கள். மற்றது உங்கள் விருப்பம்.

இப்போது நாலாவது. முருகன் அண்ணன் சற்று எழுந்து வெளியே போகலாம்.

'த சாஃப்ட் பரேட்' 1969 ஜூலையில் வந்தது. பதிவு மட்டும் பல மாதம் இழுத்தது. மாரிசன் பாட்டு எழுதுவதில் ஆர்வம் இழந்து கவிதைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார், குடி வேறு. நடுவில் மார்ச் மாதம், மயாமி மேடையில் மாரிசன் ஆபாசமாக நடந்துகொண்டார் என்ற விவகாரம் வந்து கச்சேரிகள் வரிசையாக ரத்தாயின. யாராவது பாட்டு கொண்டுவர வேண்டுமே? கிரீகர் கொண்டுவந்தார். அதுவரை எல்லாப் பாட்டுக்கும் 'டோர்ஸ்' என்று பொதுவாகப் பெயர் போட்டவர்கள், இதில்தான் முதன்முறையாக ஆளாளுக்குத் தனிப்பெயர் போட்டார்கள். 'டெல் ஆல் த பீப்பிள்' பாட்டில் ஜனங்களைத் துப்பாக்கி எடுக்கச் சொல்வது தன் வார்த்தை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என மாரிசன் விரும்பியதாகச் சொல்வார்கள். ஆல்பத்தைப் பிரித்துப் பார்த்தால் கோடு தெளிவாகத் தெரியும். ட்ரம்பெட்டும் வயலினும் ஏறி உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் கிரீகரின் பாட்டுகளில். மாரிசனின் 'ஷாமன்ஸ் ப்ளூஸ்', 'வைல்ட் சைல்ட்' இரண்டிலும் பழைய நாலு பேர் அப்படியே இருக்கிறார்கள். இவற்றைத் தனியே எடுத்து யாருக்காவது போட்டுக் காட்டினால் இது அந்த மோசமான ஆல்பம் என்று சொல்ல மாட்டார்கள்.

ட்ரம்பெட்டையும் நான் முழுசாகத் திட்ட மாட்டேன். 'டச் மீ' நல்ல பாட்டு. அதன் கடைசியில் கர்ட்டிஸ் ஏமி வாசிக்கும் சாக்ஸபோன் அசல் ஜாஸ். அது முடிந்ததும் நாலு பேரும் ஒரு சோப்புத்தூள் விளம்பர வாசகத்தைக் கத்தி முடிப்பார்கள், கேட்டுப் பாருங்கள். குறை எங்கே என்றால், இத்தனை பேர் ஒரே நேரத்தில் வாசிக்கும்போது இடது கைக்கு வேலையில்லை. மயக்கம் போய்விடுகிறது. 'ரன்னிங் ப்ளூ' பாட்டில் ஸோல் பாடகர் ஓடிஸ் ரெடிங்குக்கு அஞ்சலி செலுத்திவிட்டு, நடுவில் மாண்டலினும் ஃபிடிலுமாகக் கிரீகர் நாட்டுப்புறம் பாட வருகிறார். இதை யார் ஒப்புக்கொண்டார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

'மாரிசன் ஹோட்டல்', 1970 பிப்ரவரி. ட்ரம்பெட் போச்சு, ப்ளூஸ் வந்தது. 'ரோட்ஹவுஸ் ப்ளூஸ்' பாட்டில் பேஸ் வாசிப்பவர் லோனி மேக். கிடாருக்குப் பேர்போன ஆள், இவர்களுக்காக பேஸ் எடுத்தார். மௌத் ஆர்கன் ஜான் செபாஸ்டியன். உறையில் புனைபெயர்தான் இருக்கும். உறைப்படம் ஹென்றி டில்ட்ஸ் எடுத்தது. ஹோட்டல்காரர் உள்ளே படம் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவர் எழுந்து போன இடைவெளியில் நாலு பேரும் உள்ளே ஓடிக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றுகொண்டார்கள், டில்ட்ஸ் தெருவிலிருந்து எடுத்தார். ஆல்பம் உறுதியானது, சந்தோஷமானது. சைகடெலிக், அதாவது மயக்கம் தரும் இசை, என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், 'இண்டியன் சம்மர்' தவிர.

'எல்.ஏ. வுமன்', 1971 ஏப்ரல். ராத்சைல்ட் இந்தப் பாட்டுகளைக் கேட்டுவிட்டு மது விடுதிப் பின்னணி இசை என்கிற மாதிரி சொல்லிவிட்டு விலகினார். பாட்னிக்கும் இவர்களும் சேர்ந்து, சான்டா மோனிகா தெருவில் இருந்த தங்கள் ஒத்திகை அறையிலேயே பதிவு செய்தார்கள். மாரிசன் குளியலறை வாசலில் நின்று பாடினார். ஓடு பதித்த சுவர் கொடுத்த எதிரொலி அது. எல்விஸுக்கு வாசித்த ஜெரி ஷெஃப் பேஸ், கூடவே சில பாட்டுக்கு மார்க் பெனோ இரண்டாவது கிடார். 'ரைடர்ஸ் ஆன் த ஸ்டார்ம்' பேஸ் வரியை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். அது கீபோர்டில் பிறந்த வரி. எங்கள் குழுவின் பேஸ்காரர் வாசிக்க முயன்றபோது, "இது விரலுக்கே வராத இடமாக இருக்கிறதே" என்றார். நான் இடது கையில் போட்டுக் காட்டினால் சட்டென்று வருகிறது. பேஸ் கிடார்க்காரரை வைத்துக்கொண்டும் மான்சரெக்கின் இடது கையை வாசிக்கவைத்த பாட்டு அது. அதனால்தான் அதில் பழைய மயக்கம் முழுசாகத் திரும்பி வருகிறது.

ஆக என் வரிசை: ஸ்ட்ரேஞ்ச் டேஸ், எல்.ஏ. வுமன், முதல் ஆல்பம், மாரிசன் ஹோட்டல், சாஃப்ட் பரேட், வெய்ட்டிங் ஃபார் த ஸன்.


நித்யா_ப:

இடக்கை அண்ணா, பேஸ் விஷயம் அருமை. நான் இதுவரை கவனித்ததே இல்லை. ஆனால் டோர்ஸில் ஒருவர் பாடவும் செய்தார் என்பதை இந்த இழையில் யாராவது ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன், அதனால் என் காது சொல்லில்தான் போய் நிற்கும். குழுவின் பெயரே ஆல்டஸ் ஹக்ஸ்லி எழுதிய புத்தகத்திலிருந்து வந்தது. ஹக்ஸ்லி அதை வில்லியம் பிளேக்கிடமிருந்து எடுத்தார். முதல் ஆல்பத்தில் 'எண்ட் ஆஃப் த நைட்' பாட்டுக்குள் பிளேக்கின் வரி நேராகவே வந்து உட்கார்ந்திருக்கும். 'நாட் டு டச் த எர்த்' என்ற தொடர் ஃப்ரேசரின் 'த கோல்டன் பவ்'இல் வரும் ஒரு பகுதித் தலைப்பு. அரசனும் பூசாரியும் மண்ணை மிதிக்கக் கூடாது என்ற விலக்கைப் பற்றிய இடம். மாரிசன் படித்த ஆள். படித்ததைக் காட்டிக்கொள்ளவும் செய்வார், அது அவர் பலவீனம். 'ஹார்ஸ் லாட்டிட்யூட்ஸ்' பள்ளி நாட்களில் எழுதிய கவிதை. ஸ்டூடியோ இரைச்சலுக்கு நடுவில் அவர் அதைக் கத்தும்போது எனக்குச் சிரிப்புதான் வருகிறது. உங்கள் முதலிட ஆல்பத்தில்தான் அது இருக்கிறது, அண்ணா!

என் முதலிடம் 'எல்.ஏ. வுமன்'. 1967இல் அவர் குரல் வழுவழுவென்று இருக்கும். 'த கிரிஸ்டல் ஷிப்' கேளுங்கள், ஃபிராங்க் சினாட்ரா மேல் அவருக்கிருந்த பிரியம் அதில் தெரியும். 1971இல் அதே தொண்டை குடியிலும் சிகரெட்டிலும் கரகரத்துப் போயிருக்கிறது. ஆனால் எதைச் சொல்லாமல் விட வேண்டும் என்று அந்தக் குரலுக்குத் தெரிந்துவிட்டது. தலைப்புப் பாட்டின் நடுவில் வேகம் குறைந்து 'மிஸ்டர் மோஜோ ரைஸின்' என்று திரும்பத் திரும்ப வருமே, ஜிம் மாரிசன் என்ற பெயரின் எழுத்துகளையே கலைத்துப் போட்டது அது. கலைத்துப் போட்ட சொந்தப் பெயரைக் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் ஏற்றிப் பாடுகிறார். இருபத்தாறு, இருபத்தேழு வயது ஆள். 'ரைடர்ஸ்' பாட்டில் அவர் பாடியதற்கு அடியில் அதே வரிகளைக் கிசுகிசுப்பாக இன்னொரு முறை பதிந்திருக்கிறார்கள். முதலில் தெரியாது. தெரிந்த பிறகு அது மட்டும்தான் காதில் விழும்.

மூன்றாவது ஆல்பத்தைக் கடைசியில் தள்ளியதற்கு என் கண்டனம். 'த அன்னோன் சோல்ஜர்' வந்த 1968 என்ன வருஷம் என்று யோசியுங்கள். வியட்நாமில் போர் நடந்துகொண்டிருக்கிறது. பாட்டுக்கு நடுவில் ராணுவ டிரம், ஆணையிடும் குரல், துப்பாக்கிச் சுடும் படையின் வெடி. காலையில் சாப்பிட்டுக்கொண்டே போர்ச் செய்தி பார்க்கும் வீட்டைப் பற்றிய பாட்டு அது. 'சாஃப்ட் பரேட்' முழுவதையும் கொட்டினாலும் அந்த ஒரு பாட்டுக்கு ஈடாகாது.


வேலூர்க் கார்த்தி:

நித்யா அக்கா, இடக்கை அண்ணா, இருவருக்கும் நன்றி. கிசுகிசுப்பை இப்போதுதான் தேடிக் கேட்டேன். இனி அந்தப் பாட்டை நிம்மதியாகக் கேட்க முடியாது போலிருக்கிறது.

இரண்டு சந்தேகம். ஒன்று, முதல் ஆல்பத்தில் எனக்குக் கிடைக்கிற இரண்டு பதிப்புகளில் 'லைட் மை ஃபயர்' வேகம் வேறுவேறாக இருக்கிறது. கிடாரை வைத்துக் கூடவே வாசித்தால் ஒன்றோடு சேருகிறது, இன்னொன்றோடு சேரவில்லை. என் கிடார் சுருதிதான் விலகிவிட்டதா? இரண்டு, மாரிசனுக்குப் பிறகு வந்தவை?


இடக்கை:

உங்கள் கிடார் சரியாகத்தான் இருக்கிறது தம்பி. ஆறு கட்டையில் இருக்க வேண்டிய பாட்டு அது. 1967 ஸ்டீரியோ தட்டில் ஏறத்தாழ மூன்றரை சதவீதம் மெதுவாக ஏறிவிட்டது. அதனால் ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது, எந்தக் கருவியோடும் சேராது. கச்சேரிப் பதிவுகளும் அச்சான இசைக்குறிப்பும் வேறு சுருதியில் இருப்பதைக் கவனித்து, மைக்கேல் ஹிக்ஸ் என்ற அமெரிக்க இசைப் பேராசிரியர் பாட்னிக்கிடம் சொன்னார். 2006இல் செய்த புதிய பதிப்பில்தான் வேகத்தைச் சரிசெய்தார்கள். நாற்பது வருஷம் உலகமே தவறான சுருதியில் கேட்டிருக்கிறது. அன்று வந்த சிறிய 45 சுற்றுத் தட்டில் மட்டும் சுருதி சரி. ஆனால் அதில் ஆர்கன், கிடார் இரண்டு தனி வாசிப்பையும் வெட்டி மூன்று நிமிடத்துக்குள் அடக்கிவிட்டார்கள். சுருதி வேண்டுமென்றால் இசை இல்லை, இசை வேண்டுமென்றால் சுருதி இல்லை!

ஒன்று மட்டும். 2006 பதிப்பு வேகத்தைத் திருத்தியதோடு நிற்கவில்லை, மூல நாடாக்களிலிருந்து மறுபடி கலந்த பதிப்பு. 'பிரேக் ஆன் த்ரூ'வில் அவர்கள் தட்டை வெளியிட்ட எலெக்ட்ரா கம்பெனி அன்று வெட்டிய சொல்லெல்லாம் திரும்பி வந்துவிட்டது. பழகிய காதுக்கு ஒலியின் அளவுகள் அங்கங்கே வித்தியாசமாகப் படும். கூட வாசித்துப் பழக அதை வையுங்கள். சும்மா கேட்கப் பழைய பதிப்பே எனக்குப் பிடிக்கும், சுருதி இறங்கிய மாரிசன் குரலுக்கு ஒரு கனம் இருக்கிறது.

'சாஃப்ட் பரேட்' பற்றி இன்னொன்று. 2019இல், ஐம்பதாவது வருஷப் பதிப்பில், 'டச் மீ', 'விஷ்ஃபுல் ஸின்ஃபுல்', 'ரன்னிங் ப்ளூ' போன்றவற்றை ட்ரம்பெட், வயலின் நீக்கிவிட்டு வெளியிட்டிருக்கிறார்கள். சிலவற்றில் கிரீகர் புதிதாகக் கிடார் சேர்த்திருக்கிறார். நாலு பேர் மட்டும் வாசிக்கும் 'விஷ்ஃபுல் ஸின்ஃபுல்' கேட்டுவிட்டு முருகன் அண்ணன் கருத்துச் சொல்லட்டும். நித்யா அம்மா, 'அன்னோன் சோல்ஜர்' பாட்டுக்கு உங்கள் வாதம் சரி. அதற்காக ஆல்பத்தை ஓரிடம் மேலே ஏற்றுகிறேன், 'சாஃப்ட் பரேட்' கடைசி. 'ஹார்ஸ் லாட்டிட்யூட்ஸ்' பற்றி மட்டும் பேச்சுவார்த்தை கிடையாது.

மாரிசனுக்குப் பிறகு: 'அதர் வாய்ஸஸ்' 1971 அக்டோபர், 'ஃபுல் சர்க்கிள்' 1972. மான்சரெக்கும் கிரீகரும் பாடுகிறார்கள். வாசிப்பு மட்டம் குறையவில்லை, சில இடங்களில் ஜாஸ் பக்கம் நன்றாகவே சாய்கிறது. பாட்டுக்கு நடுவில் யாரோ வரவேண்டிய இடம் காலியாகவே இருக்கிறது. ஒருமுறை கேளுங்கள், போதும். 1978இல் வந்த 'அன் அமெரிக்கன் பிரேயர்' வேறு ரகம். மாரிசன் சொந்தக் குரலில் வாசித்துப் பதிந்து வைத்திருந்த கவிதைகளுக்கு மற்ற மூவரும் பிற்பாடு இசை போட்டார்கள். அதை நித்யா அம்மாவிடம் கேளுங்கள், அவர் துறை.


முதல்தட்டு முருகன்:

'விஷ்ஃபுல் ஸின்ஃபுல்' கேட்டேன். ட்ரம்பெட் இல்லாமல் பரவாயில்லை. 'ரன்னிங் ப்ளூ' அப்படியும் தேறவில்லை.